பதினொரு நாள் நிறுத்திய மாத்திரை

என் மனைவியின் மூக்கைப் பற்றி நான் ஒருநாள் உட்கார்ந்து எழுதுவேன் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், "வேற பொழப்பு இல்லியா மாமா ஒனக்கு?" என்று கேட்டிருப்பாள். வேறு பிழைப்பு இருக்கிறது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். இப்போது இரண்டுதான் ஓடுகின்றன. மற்ற இரண்டை ஓட்ட ஆள் கிடைக்காமல் இல்லை, எனக்குத்தான் மனம் வரவில்லை.

அவள் என் அத்தை மகள். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் அவளுக்கு மாமாதான், கேலிக்கும் குறைவில்லை. தறிக்கு வேண்டிய நூலைத் தார் என்கிற சின்னக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. மகள் பிறந்து ஐந்தாறு வருடம் கழித்து அவளுக்கு மூக்கடைக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். சளி போய்விடும், இது போகவில்லை. முதலில் வாசனை போயிற்று. அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் கொட்டகையிலிருந்து ஓடி வருவேன்.

"தெருவுக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சா எறக்க மாட்டனா? இன்னா, வேணும்னேவா தீய்ச்சிக்கினு கீறேன்?"

பிறகு இளைப்பு வந்தது. நெஞ்சில் விசில் அடிக்கும், படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் பஞ்சுத் தூசிதான் காரணம், வேறு யோசிக்கும் வழக்கமே கிடையாது. தார் சுற்றும் மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றினேன். கொட்டகை ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினேன். அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் கத்துவேன். அவ்வளவு செய்தும் மாதத்துக்கு இரண்டு முறை இழுத்தது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்க நின்று கால் வலிக்கும், சத்தத்தில் தலை வலிக்கும். மருந்துக் கடைக்குப் போய் "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் எழுதிய பாகம் கடையிலேயே நின்றுவிடும். நம் கைக்கு வருவது ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ஆரஞ்சு. எந்த வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு உறைகளாவது இருக்கும். பேர் கேட்டு யாரும் வாங்கியதில்லை. நானும் கேட்டதில்லை.

மூக்கடைப்பால் அவளுக்கு நெற்றியெல்லாம் வலிக்கும். ஒரு வெள்ளையைப் போட்டுக்கொள்வாள். ஒரு மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இழுப்பு வந்துவிடும். தலைவலி வருகிறது, பின்னாலேயே இழுப்பு வருகிறது, இதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் விழுங்கிய மாத்திரை எங்கள் கணக்கில் வரவே இல்லை. ஏழு வருடம் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நூல் ஒன்று அறுந்தால் நாலு தறிச் சத்தத்திலும் எனக்குத் தெரிந்துவிடும். இது தெரியவில்லை.

புத்தூரில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டாள். சோறு கூட வடிக்கவில்லை, முகம் செக்கச்செவேல் என்று ஆகி, பேச்சு நின்றுவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்து, அப்படியே ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் அங்கே கிடந்து எழுந்தாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன உருவம், பொறுமை குறைவு, தெலுங்கில் வேகமாகப் பேசுவார். மூக்குக்குள் விளக்கை விட்டுப் பார்த்தார். உரித்த திராட்சை மாதிரி இரண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது என்றார். அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாத்திரை ஏதாவது? அது பல்லுக்குப் போட்டது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பிறகு இன்னொரு முறையும் பார்க்க நேர்ந்தது.

மூக்கில் இந்தச் சதையும் இளைப்பும் சேர்ந்து இருக்கிறவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளும் ஆகாது; போட்டால் மூச்சுக்குழல் இறுகிவிடும்; மூன்றும் தனித்தனி நோய் இல்லை, ஒரே நோய். இதை அவர் இரண்டு முறை சொன்னார். கட்டிலில் இருந்தவள் ஆக்சிஜன் குழாயை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஏழு வருசமா பஞ்சத் திட்டிக்கினு இருந்தியே மாமா. பஞ்சு இன்னா பண்ணுச்சி பாவம்?"

இரண்டு மாதம் கழித்துச் சதையை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள். "இந்த நாத்தத்தோடவா இத்தினி வருசம் படுத்துக்கினு இருந்தேன்?" என்றாள். தறி எண்ணெய் நாற்றம். எனக்கு அவ்வளவு சந்தோஷமான வசவு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அன்றைக்கே மகளின் ஸ்கூல் பையைப் பிடுங்கிக் கொட்டி, அடியில் மறந்துபோய்க் கிடந்த மூன்று நாள் தக்காளிச் சோற்று டப்பாவைக் கண்டுபிடித்தாள். திட்டிக்கொண்டே அழுதாள். மகள் எதற்கு அழுகை என்று புரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஐந்து மாதம்தான். சதை திரும்ப வளர்ந்துவிட்டது. மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் வந்தது. இந்த முறை டாக்டர் வேறு ஒரு வழி சொன்னார். எந்த ஆஸ்பிரின் ஆகாதோ அதையே ஆஸ்பத்திரியில் வைத்து, தூள் அளவில் தொடங்கி, மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். உடம்பு ஒரு கட்டத்தில் எதிர்ப்பதை விட்டுவிடும். அதற்குப் பிறகு தினமும் காலையில் இரண்டு, இரவில் இரண்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சதை வளர்வது குறையும்.

"எது என் கழுத்தப் புடிச்சிதோ அதையே தெனம் கூப்புட்டு சோறு போடணுமா?" என்றாள் இவள்.

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். இரண்டு நாள் உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நான் வெளியே ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் செருப்பில்லாமல், மலைப் படி தொடங்கும் அலிபிரி பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற நாங்கள் மலைக்குப் போவது குறைவு. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிடுவோம். அன்றைக்கும் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. மருந்து நன்றாக ஒத்துக்கொண்டது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னது இது: இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது, எந்தக் காரணத்தாலாவது நின்றுபோனால் வீட்டில் மறுபடி ஆரம்பிக்கவே கூடாது, இங்கே வந்து, முதலிலிருந்து கொடுக்க வேண்டும். தாளிலும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். முதல் பாதி மண்டையில் நின்றது. இரண்டாம் பாதிக்கும் தலையாட்டினேன், அவ்வளவுதான். அந்தத் தாளை ஆதார் கார்டோடு சேர்த்து லேமினேட் செய்து பீரோவில் பத்திரமாக வைத்தேன். லேமினேட் செய்த எதையும் எங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் படித்ததில்லை.

பதினான்கு மாதம் நன்றாக இருந்தாள். அந்தப் பதினான்கு மாதத்தை எழுதினால் எழுதிக்கொண்டே போவேன், வேண்டாம். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். காலையில் ஸ்கூலுக்குப் போகும் முன் இரண்டு, இரவு சாப்பிட்டதும் இரண்டு. ஒருவேளை கூடத் தவறவிட்டதில்லை. அவள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் மகளுக்கு அம்மை போட்டது. முதுகில் இரண்டு கொப்புளம், மறுநாள் முகமெல்லாம். வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மா வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, சத்தம் கூடாது. தறியை நிறுத்தினேன். அந்த வீட்டில் இருக்கிற யாரும் மருந்து மாத்திரை தொடக் கூடாது. அம்மா இருக்கும்போது மருந்து சாப்பிட்டால் அவளை விரட்டுவதாக அர்த்தம், கோபத்தில் கண்ணில் இறங்கிவிடுவாள் என்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து என் அக்கா வந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த உறைகளையும், இவளுடைய ஆஸ்பிரின் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு நாளுக்கு மேல நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்று இவளிடம் தனியாகச் சொன்னேன்.

"மூக்கு அடைக்கும். அடைச்சா அடைக்கட்டும். எத்தினி வருசம் அடைச்சிக்கினு இருந்தேன், செத்தா பூட்டேன்? என் மூக்குக்காவ பொண்ணு கண்ணப் பணயம் வெக்கச் சொல்றியா?"

எனக்கு அம்மன் மேல் பெரிய பக்தி கிடையாது. ஆனால் மகளின் இமை மேலேயே ஒரு கொப்புளம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாதம் செய்ய என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் பயந்தேன். இரண்டு பேரும் பயந்தது மகளின் கண்ணுக்காக. இவள் மூச்சுக்காக அன்று யாரும் பயப்படவில்லை.

இளைப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் பம்பு மட்டும் அவள் இடுப்பில் இருந்தது. "இது மருந்து இல்ல, காத்து" என்று என் அக்காவிடம் வாதாடி, தெருவில் இறங்கி நின்று அடித்துக்கொண்டு உள்ளே வருவாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். முதல் நான்கு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. ஆறாம் நாள் மூக்கு அடைத்தது. வேப்பிலையை முகத்துக்கு நேராக வைத்து முகர்ந்துவிட்டு, "போச்சி" என்றாள். ராத்திரி பகல் என்று பார்க்காமல் மகளுக்கு வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மூன்று தண்ணீர் ஊற்றினோம். பதினோராம் நாள் காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை என் அக்கா ஊற்றினாள். மகளின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுத் துணி உடுத்திக்கொண்டு, பதினொரு நாள் தொடாமல் இருந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றி வந்தாள். இவள் கடுகு தாளித்தாள். அந்த வாசனை அவளுக்கு வரவில்லை, எங்களுக்கு வந்தது. சாப்பிட்டோம். பதினொரு நாள் கூலி போய்விட்டதே என்று எனக்கு அவசரம். கொட்டகைக்குப் போகும்போது ஆணியில் இருந்த பையை எடுத்து மகளிடம் கொடுத்தேன்.

"அம்மாவுக்கு மாத்திரயக் குடு. இனிமே தெனம் குடுக்கலாம்."

அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள். நான் நாலு தறியையும் போட்டேன். பதினொரு நாள் கழித்து அந்தச் சத்தம் காதுக்கு நன்றாக இருந்தது.

மகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. ஓடி வந்து மெயின் ஸ்விட்சை இறக்கினாள். தறிகள் நின்றன. "அம்மா, அம்மா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போனபோது இவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. பம்பைக் கையில் கொடுத்தேன், உள்ளே இழுக்க அவளிடம் மூச்சு இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உள்ளூரில் ஊசி, புகை மருந்து, மறுபடியும் அதே ஆம்புலன்ஸ், அதே ரோடு. புத்தூர் தாண்டியதும் உள்ளே இருந்த பையன் அவள் நெஞ்சை அமுக்கத் தொடங்கினான். திருப்பதியில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். அந்தப் பெண் டாக்டரே வந்தார். நான் லேமினேட் செய்த தாளை நீட்டினேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதை எடுத்துவர மட்டும் எனக்கு மறக்கவில்லை.

"என்னி ரோஜுலு ஆபேரு?" என்று கேட்டார். எத்தனை நாள் நிறுத்தினீர்கள்.

"பதகொண்டு" என்றேன். பதினொன்று.

"பிறகு எத்தனை கொடுத்தீர்கள்?"

"ரெண்டு. எப்பவும் போல."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். நிறுத்திய நான்கைந்து நாளிலேயே உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்றும், அதற்கு மேல் கொடுத்த அந்த இரண்டும் புதிதாகக் கொடுத்தது மாதிரிதான் என்றும் நிதானமாகச் சொன்னார். மூன்றாம் நாள் காலை மெஷினை எடுத்துவிட்டார்கள்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். என் அக்காதான் முதலில் சொன்னாள்: "மூணாந் தண்ணி ஊத்தின அன்னிக்கேவா மாத்திர? அம்மா வாசப்படி கூடத் தாண்டல. ஒரு நாளு பொறுத்திருக்கலாம்." நான் மறுக்கவில்லை. நிறுத்தியதுதான் காரணம் என்று சொன்னால் அம்மை போட்ட மகள் மேல் போகிறது. கொடுத்ததுதான் காரணம் என்று சொன்னால் அதுவும் மகள் கை மேல் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் நின்றாள். அதனால் அவள் என்னிடம் கேட்டபோது, "பஞ்சுத் தூசிதாம்மா. ரொம்ப நாளா உள்ள சேந்து போயிருந்திச்சாம்" என்றேன். அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்டர், தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ என்பது, படிக்கிறாள். போன மாதம் காலேஜிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். உடம்பு கொதித்தது. மருந்துக் கடைக்குப் போய்ப் பேர் சொல்லி, சாதாரணக் காய்ச்சல் மாத்திரை ஒரு முழு அட்டை வாங்கி வந்தேன். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். மாத்திரையைப் பிதுக்க விரலை வைத்தேன். விரல் அமுங்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்து அட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீ குடுக்காத நைனா. எனுக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா நீயும் என்னாட்டம் ஆயிடுவ."

"ஒன்னாட்டம்னா?" என்றேன்.

"போன்ல படிச்சேன். அம்மா செத்துப்போன மாசமே படிச்சிட்டேன். நான்தான குடுத்தேன்."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரையை அவளும் போடவில்லை. நான் டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.